ஹத்தீன் 1187: ஊற்றை விட்டுவிட்டு வறண்ட மேட்டுக்கு ஏன் போனார்கள்?

பாபநாசம் வாசகி:

வணக்கம். கொஞ்ச நாளாகச் சிலுவைப் போர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1099இல் எருசலேம் சிலுவைப் படையிடம் விழுந்தது வரை ஓரளவு புரிந்தது. 1187இல் வந்து மாட்டிக்கொண்டேன்.

எருசலேமை ஆண்ட கய் மன்னரின் சிலுவைப் படை சஃபூரியாவில் இருக்கிறது. அங்கே ஊற்று இருக்கிறது, தண்ணீருக்குக் கவலை இல்லை. எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுத்தீன் ஏரிக்கரை ஊரான திபேரியாவை முற்றுகையிடுகிறார். இவர்கள் ஊற்றை விட்டுவிட்டு ஜூலை மாத வெயிலில், தண்ணீரே இல்லாத வழியில் கிளம்பிப் போய் அடுத்த நாளே ஹத்தீன் மேட்டில் அழிந்துபோகிறார்கள். இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடவா இது தோன்றவில்லை?

இன்னொன்று. திபேரியாவை வைத்திருந்த ரேமண்ட் பிரபு அதற்குச் சில மாதம் முன்பு வரை சலாஹுத்தீனோடு ஒப்பந்தம் போட்டிருந்தாராம். புனிதப் போர் என்று சொல்லிக்கொண்டு எதிரியோடு எப்படி ஒப்பந்தம் போட முடியும்? அவர் துரோகிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்பானை:

சுருக்கமான பதில்: கய் ஒரு முட்டாள். மனைவி சிபில்லா தயவில் கிரீடம் கிடைத்தது. கடைசியாக யார் காதில் பேசினார்களோ அவர்கள் சொன்னதைச் செய்கிற ஆள். இதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை.

கொங்கு நாடோடி:

மண்பானை சொல்வதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கய் பெரிய மதியூகி இல்லைதான். ஆனால் அன்று ராத்திரி எடுத்த முடிவுக்குக் காரணம் புத்திக் குறைவு இல்லை, நான்கு வருடம் முன்பு வாங்கிய சூடு.

1183ஐப் பாருங்கள். அப்போது எருசலேம் மன்னராக இருந்த நான்காம் பால்ட்வினுக்குத் தொழுநோய் முற்றிவிட்டது. ஆட்சிப் பொறுப்பு கய் கையில். சலாஹுத்தீன் ஜோர்டான் ஆற்றைத் தாண்டி வருகிறார். கய் பெரிய படையைத் திரட்டிக்கொண்டு போய் ஜெஸ்ரீல் பள்ளத்தாக்கில் ஊற்றுகளை ஒட்டி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் எவ்வளவு சீண்டியும் இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு வாரம் போல ஆனதும் சலாஹுத்தீன் திரும்பிப் போய்விட்டார். ஒரு ஊர் போகவில்லை, படையும் முழுசாக இருந்தது. இன்றைக்குப் படிக்கிற நமக்கு இது வெற்றி. அன்றைக்கு ஊரே காறித் துப்பியது. இவ்வளவு படையை வைத்துக்கொண்டு கோழை மாதிரி உட்கார்ந்திருந்தான் என்றார்கள். மன்னர் அவரிடமிருந்து பொறுப்பைப் பிடுங்கிக்கொண்டார்.

இப்போது 1187 ஜூலை 2 ராத்திரிக்கு வாருங்கள். அதே மாதிரி ஊற்று, அதே எதிரி, அதே யோசனை: உட்கார்ந்தே இருப்போம். இந்த முறை அதைச் சொன்னவர் ரேமண்ட். சொல்ல அவருக்குத்தான் அதிக உரிமை, ஏனென்றால் திபேரியா அவருடைய ஊர். கோட்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது அவர் மனைவி எஷீவா. ஊர் போனால் பிறகு மீட்கலாம், மனைவியைப் பணம் கொடுத்து மீட்கலாம், படை போனால் ராஜ்யமே போய்விடும் என்றார். கூட்டத்தில் எல்லோரும் சரி என்றுதான் கலைந்தார்கள். ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: தோன்றியது, பேசினார்கள், முடிவும் செய்துவிட்டார்கள்.

எல்லோரும் போன பிறகு, டெம்ப்ளர்கள் என்ற துறவி வீரர் சங்கத்தின் தலைவர் ஜெரார்டு தனியாக மன்னரின் கூடாரத்துக்கு வந்தார். ரேமண்ட் துரோகி, அவன் பேச்சைக் கேட்டு ஒரு ஊரைப் பறிகொடுத்தால் உங்களை என்ன சொல்வார்கள் என்று கேட்டார். 1183இல் என்ன சொன்னார்கள் என்பது கய்க்கு மறந்திருக்குமா? விடியும் முன்பே கிளம்ப உத்தரவு. ஏன் என்று பிரபுக்கள் கேட்டதற்கு, சொன்னதைச் செய்யுங்கள் என்றுதான் பதில் வந்ததாம்.

நான் சில வருடம் வட ஜோர்டானில் இர்பித் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். திருப்பூர் ஆட்கள் அங்கே நிறையப் பேர் உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறையில் உம் கைஸ் போவோம். கருங்கல் தூண்களாகக் கிடக்கும் பழைய ரோமானிய ஊர் அது. மேட்டு விளிம்பில் நின்றால் கீழே திபேரியா ஏரி, அதாவது பைபிளில் வரும் கலிலேயக் கடல், முழுசாகத் தெரியும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும், ஆனால் இறங்கிப் போக வேண்டிய ஆழத்தைப் பார்த்தால் முழங்கால் வலிக்கும். ஏரி கடல்மட்டத்துக்கும் 200 மீட்டர் கீழே இருக்கிறது. ஹத்தீன் மேடு ஏரிக்கு மறுகரையில், ஏரி மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில். ஜூலையில் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். உம் கைஸில் காலை பத்து மணிக்கே தொப்பியைக் கழற்ற முடியாது. அந்த வெயிலில் பஞ்சு வைத்துத் தைத்த உள்சட்டை, அதற்கு மேல் இரும்பு வளையச் சட்டை, அதற்கும் மேல் அங்கி. குதிரைக்கு ஒரு நாளைக்கு எத்தனை வாளி தண்ணீர் வேண்டும் என்று மாடு வளர்த்தவர்களுக்கே தெரியும். அன்று போனது சுமார் 1200 வீரப் பிரபுக்கள், காலாட்களையும் சேர்த்தால் 20,000 பேர் அளவில் இருக்கும் என்பது பொதுவான கணிப்பு.

வழியில் துரான் என்ற ஊரில் சின்ன ஊற்று ஒன்று இருந்தது. அங்கேயும் தங்காமல் தாண்டிப் போனார்கள். தாண்டியதும் சலாஹுத்தீனின் இரண்டு பக்கப் படைகளும் சுற்றிவந்து பின்வழியை அடைத்துவிட்டன. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் மஸ்கனா மேட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ராத்திரியைக் கழித்தார்கள். எதிர்ப்பக்கம் ஏரியிலிருந்து ஒட்டகத்தில் தோல்பை தோல்பையாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்தார்கள், காற்றும் அவர்கள் பக்கம். புகையில் காலாட்படை பிரிந்து மேட்டில் ஏறிக்கொண்டு, மன்னர் கூப்பிட்டும் இறங்க மறுத்துவிட்டது. இனி எங்களால் முடியாது, தாகத்தில் சாகிறோம் என்றார்களாம்.

கடைசிக் கட்டத்தைச் சலாஹுத்தீனின் மகன் அல் அஃப்தல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்குப் பதினேழு வயது இருக்கும், அப்பா பக்கத்தில் நிற்கிறார். சிலுவைப் படைக் குதிரைகள் மேட்டிலிருந்து பாய்ந்து வந்து பின்வாங்கியதும், ஜெயித்துவிட்டோம் என்று கத்துகிறார். அப்பா அதட்டுகிறார்: சும்மா இரு, அந்தக் கூடாரம் விழுகிற வரை ஜெயிக்கவில்லை. மேட்டில் கய் மன்னரின் சிவப்புக் கூடாரம். சொல்லி முடிப்பதற்குள் அது சரிந்தது. சலாஹுத்தீன் குதிரையிலிருந்து இறங்கித் தரையில் விழுந்து வணங்கி அழுதார்.

ரேமண்ட் துரோகியா என்றால், என் பதில் இல்லை. அந்த மண்ணில் ஒப்பந்தம் என்பது அன்றாடச் சங்கதி. 1108இல் டெல் பாஷிர் பக்கத்தில் நடந்த சண்டையில் இரண்டு தரப்பிலும் இரண்டு மதத்தாரும் இருந்தார்கள். அந்தியோகியாவின் தான்க்ரெத்தும் அலெப்போவின் ரித்வானும் ஒரு பக்கம், எடெஸ்ஸாவின் பால்ட்வினும் துருக்கியத் தளபதி ஜவாலியும் மறுபக்கம். 1140இல் தமாஸ்கஸ்காரர்கள் அலெப்போவை ஆண்ட ஸெங்கியிடமிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்ள எருசலேம் மன்னரின் உதவியை நாடினார்கள். 1184இல் அந்தலூசியாவிலிருந்து வந்த இப்னு ஜுபைர், சலாஹுத்தீன் கெரக் கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருக்கும்போதே தமாஸ்கஸிலிருந்து வியாபாரக் கூட்டத்தோடு கிறிஸ்தவர்களின் அக்கா துறைமுகத்துக்குப் போகிறார். சண்டைக்காரர்கள் சண்டை போடுகிறார்கள், வியாபாரிகள் பாட்டுக்கு வரியைக் கட்டிவிட்டுப் போய் வருகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார். அக்கா சுங்கச்சாவடியில் கிறிஸ்தவ எழுத்தர்கள் தங்க வேலைப்பாடு செய்த கருங்காலி மைக்கூடு வைத்துக்கொண்டு அரபியில் கணக்கு எழுதினார்கள் என்பதுவரை கவனித்திருக்கிறார் மனிதர்.

1185இல் மழை பொய்த்தபோது ராஜ்யத்தின் சார்பில் சலாஹுத்தீனோடு நான்கு வருடச் சமாதானம் பேசியவரும் இதே ரேமண்ட்தான். அப்போது யாரும் துரோகி என்று சொல்லவில்லை. மறு வருடம் கய் மன்னரானதும் ரேமண்ட் அதை ஏற்காமல் திபேரியாவில் உட்கார்ந்துகொண்டு தனக்காகத் தனி ஒப்பந்தம் போட்டார். இது மட்டும் எனக்கும் உறுத்துகிறது. எதிரிக்கு வழிவிடும் ஒப்பந்தம் அது. 1187 மே 1 அன்று அல் அஃப்தலின் படைக்கு ஒரு பகல் தன் நிலத்தைக் கடந்து போய்வர அனுமதி கொடுத்தார். ஊரார் யாரும் வெளியே போக வேண்டாம் என்று எச்சரிக்கையும் அனுப்பினார். ஜெரார்டு கேட்காமல் நூற்று முப்பது நாற்பது குதிரை வீரர்களோடு ஆயிரக்கணக்கானவர்கள் மேல் பாய்ந்தார். தப்பியவர்கள் விரல் விட்டு எண்ணலாம், அதில் ஜெரார்டும் ஒருவர். ஈட்டி முனையில் தலைகளோடு அந்தப் படை மாலையில் திபேரியா மதிலுக்குக் கீழே திரும்பிப் போனதை ரேமண்டின் ஆட்களே பார்த்தார்கள். அதன் பிறகுதான் அவர் வெட்கப்பட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு கய்யிடம் சமாதானமாகப் போனார்.

என்ன கொடுமை என்றால், சரியான யோசனையைச் சொன்ன ஒரே காரியத்துக்கு அந்தப் பழைய ஒப்பந்தம் குறுக்கே நின்றது. வேறு யாராவது அதே வார்த்தைகளைச் சொல்லியிருந்தால் கய் ஊற்றை விட்டு நகர்ந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

நாடோடி அண்ணா நன்றாக எழுதியிருக்கிறார், ஆனால் பணத்தை விட்டுவிட்டார். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, பேராயர் தாமஸ் பெக்கெட் கொலைக்குப் பரிகாரமாகப் புனித பூமிக்கு அனுப்பிவைத்த பெரும்தொகை டெம்ப்ளர்கள், அதே மாதிரி இன்னொரு துறவி வீரர் சங்கமான ஹாஸ்பிட்டலர்கள் இருவரின் பெட்டகங்களிலும் இருந்தது. டெம்ப்ளர்களிடம் இருந்த பங்கை எடுத்துக் கூலிப்படை பிடித்தது இதே ஜெரார்டுதான். அடுத்தவர் காசில் ஆள் பிடித்துவிட்டுச் சண்டை போடாமல் கலைத்தால் கணக்குக் காட்ட வேண்டுமே.

கெரக் கோட்டைப் பிரபு ரெய்னால்ட் கதையும் அதேதான். சமாதானம் இருக்கும்போதே கெய்ரோவிலிருந்து தமாஸ்கஸ் போன வணிகக் கூட்டத்தைக் கொள்ளையடித்தார். திருப்பிக் கொடு என்று கய் கேட்டதற்கு, என் நிலத்துக்கு நான்தான் ராஜா, நான் யாரோடும் ஒப்பந்தம் போடவில்லை என்று கைவிரித்துவிட்டார். போருக்குச் சாக்கு அங்கேதான் கிடைத்தது. மதம் மேலே போர்த்திய போர்வை, உள்ளே இருந்தது காசு. ஒப்புக்கொள்கிறீர்களா?

கொங்கு நாடோடி:

ஹென்றி பணத்தை நினைவுபடுத்தியதற்கு நன்றி, அது முக்கியம். ஆனால் போர்வைக் கதையை நான் வாங்கமாட்டேன் தம்பி. பணம் மட்டும்தான் என்றால் ஹத்தீனில் சண்டை முடிந்த பிறகு நடந்தது புரியாது.

டெம்ப்ளர், ஹாஸ்பிட்டலர் கைதி ஒருவரைக் கொண்டுவந்தால் 50 தினார் என்று சலாஹுத்தீன் தன் பையிலிருந்து விலை கொடுத்தார். சுமார் 200 பேர் வந்தார்கள். விற்றாரா? இல்லை. பிணைத்தொகை கேட்டாரா? அதுவும் இல்லை. கூடவே வந்திருந்த சூஃபிகளையும் மார்க்க அறிஞர்களையும் கூப்பிட்டு வெட்டச் சொன்னார். வாள் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் பலர். கணக்குப் பார்க்கிற ஆள் செய்கிற காரியமா இது? அதே வாரம் தமாஸ்கஸ் சந்தையில் மற்றக் கைதிகள் குவிந்து விலை மூன்று தினாருக்கு விழுந்தது. ஒருவனைச் செருப்புக்கு மாற்றிக்கொண்டார்கள் என்றுகூட எழுதிவைத்திருக்கிறார்கள்.

ரெய்னால்டை அவர் தன் கையாலேயே வெட்டியதும் அப்படித்தான். கூடாரத்தில் கய்க்குப் பனிக்கட்டி போட்ட பானம் கொடுத்தார். கய் குடித்துவிட்டு ரெய்னால்டிடம் நீட்டினார். அதை நான் கொடுக்கவில்லை என்று சலாஹுத்தீன் உடனே சொல்லிவிட்டார், ஏனென்றால் தன் கையால் தண்ணீர் கொடுத்த கைதியைக் கொல்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. 1183 வாக்கில் செங்கடலில் கப்பல் விட்டு ஹஜ் பயணிகளின் வழியில் கைவைத்தது ரெய்னால்டின் ஆட்கள். அந்தக் கோபம் வியாபாரக் கோபம் இல்லை.

மறுபக்கமும் அப்படியே. அக்கா நகர ஆயர், இயேசுவை அறைந்ததாக நம்பப்பட்ட திருச்சிலுவையின் துண்டைச் சுமந்துகொண்டு போர்க்களத்துக்கு வந்தார், அங்கேயே செத்தார். அந்த மரத்துண்டு பறிபோன சேதி ஐரோப்பாவுக்குப் போய்தான் மூன்றாம் சிலுவைப் போர் கிளம்பியது.

நீங்கள் சொல்கிற காசுக் கணக்கு எருசலேமில் கச்சிதமாகப் பொருந்தும். அக்டோபர் 2 அன்று, நகரைக் காத்து நின்ற பிரபு பேலியன் அதை ஒப்படைத்தபோது ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5, குழந்தைக்கு 1, கட்ட நாற்பது நாள் கெடு. ஏழைகள் 7000 பேருக்கு மொத்தமாக 30,000 தினார். எருசலேம் திருச்சபையின் தலைமை ஆயர் ஹெராக்ளியஸ் தனக்கு 10 தினாரைக் கட்டிவிட்டு தேவாலயப் பொக்கிஷத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், பணமில்லாத ஆயிரக்கணக்கானவர்கள் அடிமைகளாகப் போனார்கள். சலாஹுத்தீனின் தம்பி அல் ஆதில் ஆயிரம் பேரை எனக்குக் கொடுங்கள் என்று அண்ணனிடம் கேட்டு வாங்கி அப்படியே விடுவித்தார். 1099இல் சிலுவைப் படை இதே ஊரில் செய்த படுகொலையோடு ஒப்பிட்டுச் சலாஹுத்தீனைத் தெய்வமாக்குபவர்கள் உண்டு. அந்த ஒப்பீடு நியாயமானதுதான். ஆனால் அவரும் முதலில் இந்த நகரை வாளால்தான் எடுப்பேன் என்று நின்றவர்தான். கைதிகளாக இருக்கும் முஸ்லிம்களைக் கொன்று, அவர்களுடைய புனிதத் தலமான பாறைக் குவிமாடத்தையும் இடித்துவிட்டு வெளியே வந்து சாவோம் என்று பேலியன் மிரட்டிய பிறகுதான் பேரம் தொடங்கியது.

சலாஹுத்தீனுக்கும் நெருக்கடி இருந்தது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1183இல் அலெப்போ, 1186இல் மோசுல் என்று சக முஸ்லிம்களோடேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஜிஹாத் என்று பேசிப் பேசி எங்களோடேயே சண்டை போடுகிறாயே என்ற முணுமுணுப்பு பாக்தாதில் இருந்த கலீஃபா வரை இருந்தது. அவருடைய படையும் சம்பளப் படை அல்ல. பெரும்பாலும் நில வருமானத்தை வைத்துக்கொண்டு பருவத்துக்கு வந்துபோகிறவர்கள். குளிர்காலம் வந்தால் வீட்டுக்குப் போயே தீருவார்கள். ஜூலையில் ஒரு பெரிய வெற்றி அவருக்கு வேண்டியிருந்தது. கய் உட்கார்ந்தே இருந்திருந்தால் 1183 மாதிரி இவரும் திரும்பித்தான் போயிருப்பார், அதற்கப்புறம் பாக்தாதுக்கு என்ன பதில் எழுதுவது?

பாபநாசம் வாசகி:

ரொம்ப நன்றி அண்ணா. 1183 விஷயம் நான் படித்த இடத்தில் ஒரு வரிகூட இல்லை. எஷீவா என்ன ஆனார்? ரேமண்ட், கய், ஜெரார்டு மூன்று பேரும்?

கொங்கு நாடோடி:

எஷீவா மறுநாள், ஜூலை 5, கோட்டையை ஒப்படைத்தார். சலாஹுத்தீன் மரியாதையோடு ஆட்களையும் பொருட்களையும் சேர்த்துத் திரிப்போலிக்கு அனுப்பிவைத்தார். ரேமண்ட் சொன்னபடியேதான் நடந்தது, பிணைத்தொகை கூடக் கேட்கவில்லை.

ரேமண்ட் போரின் நடுவில் குதிரைப்படையோடு பாய்ந்தபோது, எதிரே இருந்த சலாஹுத்தீனின் தளபதி தகீயுத்தீன், தன் படையை விலக்கி வழிவிட்டு, போனதும் மூடிக்கொண்டார். பள்ளத்தில் இறங்கியவர் திரும்பி ஏற வழியில்லை. தப்பித்துப் போனார், அதுவே துரோகிப் பட்டத்தை உறுதிப்படுத்தியது. அந்த வருடம் முடிவதற்குள் நோயில் செத்துப்போனார்.

கய் 1188இல் விடுதலையானார். இனி ஆயுதம் எடுப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு, அடுத்த வருடமே கொஞ்சம் படையைத் திரட்டிக்கொண்டு போய் அக்கா துறைமுகத்தை முற்றுகையிட்டார். தன்னைவிடப் பெரிய படையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு செய்த காரியம். மண்பானை இதையும் முட்டாள்தனம் என்பார், ஆனால் அந்த முற்றுகைதான் 1191இல் ஜெயித்தது. எருசலேம் கிரீடம் திரும்பக் கிடைக்கவில்லை, பதிலுக்கு 1192இல் சைப்ரஸ் தீவு கிடைத்தது. அவர் அண்ணன் எமரியின் வம்சம் அங்கே நெருக்கி முந்நூறு வருடம் ஆண்டது.

ஜெரார்டுதான் வயிற்றெரிச்சல். ஹத்தீனில் அத்தனை டெம்ப்ளர்களையும் வெட்டினார்கள், தலைவரை மட்டும் விட்டுவைத்தார்கள். காஸா கோட்டையில் இருந்த டெம்ப்ளர்களைச் சரணடையச் சொல்லி உத்தரவிட்டார். தலைவர் பேச்சைத் தட்டக்கூடாது என்பது அவர்கள் சங்க விதி, திறந்துவிட்டார்கள். அந்தக் கோட்டைக்குப் பதிலாக இவர் வெளியே வந்தார். 1189 அக்டோபரில் அக்கா முற்றுகையில், வழக்கம்போல முன்னால் பாய்ந்து போய்ச் செத்தார்.